பறவையா, தெருவா, முகமா: இரண்டாயிரம் வெள்ளியை எதில் போடுவது?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நாலு மாடி மேலே இருக்கும் தம்பி ஒருவர் தேசிய சேவை முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். போன மாதம் லிஃப்ட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு சாதாரண கேமரா, அதோடு வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸ் (எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), சேர்த்து வைத்த 2,000 வெள்ளி. “அண்ணே, பறவை எடுக்கப் பெரிய லென்ஸ் வாங்கவா, தெருவுல எடுக்க 35 வாங்கவா, இல்ல ஆளுங்கள எடுக்க 85 வாங்கவா?” வாரத்தில் ஒரு நாள்தான் அவருக்கு ஓய்வு. லிஃப்ட்டில் நின்று சொல்லி முடிகிற பதில் இல்லை. கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். இரண்டு தே ஓ ஆறிப்போகும்வரை பேசினோம். வேறு சிலரும் இதையே என்னிடம் கேட்டிருப்பதால் அன்று சொன்னதையும் வீட்டுக்கு வந்து யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இயற்கை (பறவை), ஆவணம் (தெரு), போர்ட்ரெய்ட் (முகம்) மூன்றுக்கும் லென்ஸ் வேறு, விலை வேறு. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கெடு. இந்தப் படத்தை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாமா, முடியாதா? மூன்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்து எடைபோட்டுப் பார்த்தால் எதில் முதலில் இறங்குவது என்று ஓரளவு தெளிவாகிவிடும்.

இயற்கையில் தொடங்குகிறேன், என் முதல் காதல் அதுதான். பதினைந்து வருடமாகக் கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி 925ஆம் எண் பேருந்து பிடித்து சுங்கை பூலோ போகிறவன் நான். 1993இல் பூங்காவாகத் திறந்து 2002இல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியான சதுப்பு நிலம் அது. செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கே சைபீரியா பக்கமிருந்து வரும் கரைப்பறவைகள் அங்கே இறங்கும். சில அங்கேயே தங்கிவிடும், சில இளைப்பாறிவிட்டு ஆஸ்திரேலியா வரை போகும். பவளக்கால் உள்ளானும் பச்சைக்கால் உள்ளானும் ஒரே சேற்றில் பக்கம் பக்கமாகக் கொத்திக்கொண்டிருக்கும்.

புதிதாகப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் போதும் என்று நினைக்கிறார்கள். கடிகாரத்தைவிட அங்கே கடல் முக்கியம். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் வெளியே ஜொகூர் நீரிணைச் சேற்றில் பரவி மேயும், உங்கள் லென்ஸுக்கு எட்டாது. நீர் ஏறி அந்தச் சேறு மூழ்கும்போதுதான் கூட்டமாக எழுந்து உள்ளே இருக்கும் குளங்களுக்கு ஒண்ட வரும். ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, நீர் உச்சத்துக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மறைவிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். அந்த நேரம் காலை வெயிலோடு ஒத்துவருகிற ஞாயிற்றுக்கிழமை எத்தனை கிடைக்கும்? மாதத்தில் ஒன்று கிடைத்தாலே பெரிது.

அப்புறம் வெளிச்சம். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறோம். வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டிச் சூரியன் வரும், ஏழு மணியை ஒட்டிப் போகும். வந்ததும் நேராக மேலே ஏறிவிடும். மற்ற நாடுகளில் நீண்டு கிடக்கும் மஞ்சள் வெயில் இங்கே அரை மணி, முக்கால் மணிதான். ஒன்பதரைக்கு மேல் நாரையின் முதுகெல்லாம் வெள்ளையாக எரிந்துவிடும். புக்கித் தீமா காட்டுக்குள் கதை தலைகீழ். மரக்கூரைக்குக் கீழே காலை எட்டு மணிக்கும் இருட்டுதான், ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்வு அளவை 3200, 6400 என்று ஏற்றினால்தான் குரங்கின் கண் தெரியும். பறக்கிற பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2,000இல் ஒரு பங்கு வேண்டும். தூரத்துப் பறவையை எட்ட ஒரு 150-600 லென்ஸ், சுமார் இரண்டு கிலோ எடை. புதிதாக வாங்கினால் தம்பியின் பணத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

அதோடு செலவு நிற்காது. இந்த ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருக்க ஒரு டிரை கேபினட் கட்டாயம் வேண்டும். ஏசி டாக்சியிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளிக்காற்றில் பழக விட வேண்டும். எனக்கு இதை ஒரு முதலை கற்றுக்கொடுத்தது. வாய்க்காலில் வாயைப் பிளந்துகொண்டு அது கிடந்த பத்து நிமிடமும் நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இயற்கைப் படம் எடுக்கிறவர்கள் சிலரிடம் எனக்குத் தீராத மனக்குறை ஒன்றும் உண்டு. பறவையின் குரலை ஃபோனில் ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பது, மீனையும் புழுவையும் வைத்து இறங்க வைப்பது, கூட்டில் ஆந்தைக் குஞ்சு இருக்கிறது என்று தெரிந்ததும் முப்பது முக்காலிகளை மரத்தடியில் நட்டுவிடுவது. காட்டு விலங்குகளுக்கு உணவு போடுவது இங்கே குற்றம். 2020இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தையும் கூட்டியிருக்கிறார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு குஞ்சு பசியோடு இருக்க அதன் தாய் நமக்குப் பயந்து தூரத்துக் கிளையில் காத்திருக்கும்படி செய்துவிட்டு எடுக்கிற படம் என்ன படம்? இயற்கைப் பக்கம் போவதென்றால் இதை முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லித் தம்பியைக் கேட்டுக்கொண்டேன்.

சரி, கெடு? இந்த வருடம் உள்ளானைத் தவறவிட்டால் அடுத்த செப்டம்பரில் மறுபடி வரும். காடு வெட்டப்படுவதும் கரை நிரப்பப்படுவதும் நடக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. 2001இல் பூலாவ் உபின் தீவின் செக் ஜாவா ஈரநிலத்தைத் தூர்க்க இருந்ததைக் கடைசி நேரத்தில் தள்ளிவைத்ததும் நடந்தது. ஆனாலும் மூன்றில் இயற்கைதான் நமக்கு அதிகத் தவணை தருகிறது.

ஆவணப் புகைப்படத்துக்கு இந்த ஊரில் கெடு தேதியோடு வரும். இவ்வளவு துல்லியமாக அறிவித்துவிட்டு இடங்களை மூடுகிற ஊர் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு போனது. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடியது. அந்தச் சந்தையின் கடைசி நாள்களில் நானும் போனேன். திரும்பிய பக்கமெல்லாம் கேமரா. தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளில் பழைய கைக்கடிகாரங்களை வைத்திருந்த முதியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து வருடமாக அவரைத் தாண்டி நடந்து போனவன் நான், ஒரு முறைகூட நின்றதில்லை. கடைசி நாளில் போய் எடுத்த என் படங்களில் கூட்டம் இருக்கிறது, சந்தை இல்லை.

ஆகவே ஆவணம் என்றால் கெடு அறிவிக்கும் முன்பே போய்ப் பழகியிருக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். தம்பியிடம் இருக்கும் 18-55 லென்ஸே போதும், அவர் கேமராவில் அதை 23-இல் வைத்தால், பெரிய சென்சார் கேமராவில் 35 லென்ஸ் தரும் பார்வை கிடைத்துவிடும். தேவைப்படுவது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிற பொறுமை.

தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) பஃபலோ ரோட்டுப் பக்கம் பூமாலை கட்டும் கடை ஒன்றுக்கு நான் ஒரு வருடம் வாரம் தவறாமல் போனேன். முதல் இரண்டு மாதம் கேமராவைப் பையிலேயே வைத்திருந்தேன். அங்கே மாலை கட்டுகிற அண்ணனின் வலது பெருவிரல் நகத்தில் நார் உரசி உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மல்லிகையை நாலு நாலாக எதிரும் புதிருமாக வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தப் பள்ளத்தில் கொடுத்து இழுப்பார். பார்வை பூவில் இருக்காது, வாசலில் வருகிற வாடிக்கையாளர் மேல்தான் இருக்கும். அந்த விரலைத்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே மூன்று மாதம் ஆயிற்று. முதல் நாளே கேமராவைத் தூக்கியிருந்தால் மஞ்சள், சிவப்பு என்று வண்ணவண்ணமாக ஒரு சுற்றுலா அட்டைதான் கிடைத்திருக்கும்.

தைப்பூசத்திலும் இதேதான். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை வழியெங்கும் கேமராக்கள், எல்லாம் அலகு குத்திய நாக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். 1968லிருந்து தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை. காவடி எடுக்கிறவர் விடுப்புப் போட்டிருப்பார், கூட வரும் அத்தை, மாமா, நண்பர்கள் எல்லாரும் விடுப்புப் போட்டிருப்பார்கள். பின்னிரவில் பெருமாள் கோயிலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கும் தங்கை, சுண்டிய எலுமிச்சம்பழங்களைப் பையில் அள்ளும் பையன், செருப்பில்லாத கால் சுடாமல் இருக்க முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறவர், இவர்களை யாரும் எடுப்பதில்லை. ஆவணப் பக்கம் சாய்கிறவர்களுக்கு அங்கே பத்து வருட வேலை காத்திருக்கிறது.

இதில் உள்ள கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் கூடுவார்கள். பொது இடத்தில் படம் எடுப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. ஒருநாள் கட்டுமான வேலைக்காரர் ஒருவரைக் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன், அவரும் சிரித்துக்கொண்டே நின்றார். படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “அண்ணே, ஃபேஸ்புக்ல போட்றாதீங்க. அம்மாகிட்ட ஏசி ரூம்ல வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.” அது நல்ல படம். இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. காட்டவும் மாட்டேன். ஆவணப் படம் எடுக்கிறவர் தன்னிடம் இருக்கும் நல்ல படங்களில் சிலவற்றைப் பூட்டி வைக்கத் தயாராக இருக்க வேண்டும். அதற்கு மனம் ஒப்பாதவர்கள் பறவைப் பக்கம் போய்விடுவது எல்லாருக்கும் நல்லது.

இனி போர்ட்ரெய்ட். மூன்றில் இதைத்தான் நம்மவர்கள் ரொம்ப லேசாக நினைக்கிறார்கள். கல்யாண ஆல்பமும் பட்டமளிப்புப் படமும் தவிர வேறு எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்களுக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. பழைய புளோக்குகளின் காரிடார் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் வானம். மேலே கூரை இருப்பதால் நடுப்பகல் வெயில் தலையில் இறங்காது, பக்கவாட்டிலிருந்து மெத்தென்று வரும். வீட்டு வாசலுக்கு உள்ளே ஓரடி தள்ளி ஒருவரை உட்காரவைத்து, முகத்தை வாசல் பக்கம் லேசாகத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்டுடியோக்காரர்கள் பெரிய வெள்ளைத் துணிவிளக்கு வைத்துக் கொண்டுவருகிற வெளிச்சம் சும்மா வந்து விழும். கீழே வாய்ட் டெக் எனும் திறந்த தரைத்தளம் இன்னும் நல்லது. தூணுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தால் முகத்தின் ஒரு பாதி ஒளியிலும் மறு பாதி மென்மையான நிழலிலும் இருக்கும். காலை பத்து மணிக்கும் எடுக்கலாம், மத்தியானம் மூன்று மணிக்கும் எடுக்கலாம். மழை பெய்தாலும் எடுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓய்வு உள்ளவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

நம் தோல் நிறத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஃபிலிம் காலத்தில் கோடாக் தன் ஆய்வுக்கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் பல்லாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. இன்றைய கேமரா அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் படம் முழுக்கக் கறுத்த முகமே நிறைந்திருந்தால் தானியங்கி அளவீடு அதை இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அம்மாவின் முகம் சாம்பல் பூசினாற்போல வெளுக்கும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருந்தால் சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், மூக்கும் கண்ணும் இருளில் போய்விடும். முதல் வகைக்கு, கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈடுசெய்யும் அளவை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) ஒரு படிக்குள் கீழே இறக்குங்கள், இரண்டாவதற்கு ஏற்றுங்கள். எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் தோலை வெளுக்க வைக்காதீர்கள். நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் கறுத்த தோலுக்கு ஒரு மினுமினுப்பு உண்டு, வாசல் வெளிச்சத்தில் அது வெண்கலம் மாதிரி எழும்பும். அதைத் துடைத்து மாவு அப்பியதுபோல ஆக்கித் தரும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. எந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தோமோ அந்த முகம் படத்தில் இருக்க வேண்டாமா?

செலவும் குறைவு. தம்பி கேட்டது 85. அவருடைய கேமராவின் சென்சார் சிறியது, ஒன்றரை மடங்கு பெருக்கிக் காட்டும். அதில் 50 லென்ஸ் போட்டாலே 75இன் பார்வை வந்துவிடும், முகத்துக்கு அது போதும். எஃப் 1.8 திறப்பு அளவில் 50 லென்ஸ் பெரும்பாலான கம்பெனிகளில் மலிவான லென்ஸ்களில் ஒன்று. சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கட்டடங்களில் பழைய கேமராக் கடைகள் இருக்கின்றன. சில நூறு வெள்ளிக்குள் நல்ல நிலையில் ஒன்று கிடைக்கும். வாங்கும்போது லென்ஸுக்குள் ஃபோன் டார்ச்சை அடித்துச் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பூஞ்சை, வேண்டாம்.

கெடுவுக்கு வருகிறேன். என் அப்பாவுக்குப் பறவைகளில் ஆர்வம் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் துணைக்காக சுங்கை பூலோ வருவார், ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவருவார். வெளிச்சத்தைச் சோதிக்க ஏதாவது ஒன்றைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமே, அதற்கு அவரை மரப்பாலத்தில் நிற்கச் சொல்வேன். அவர் நிற்பார், நான் ஒன்று எடுத்து, திரையைப் பார்த்து, அளவைச் சரிசெய்துவிட்டுப் பறவை பக்கம் திரும்பிவிடுவேன். அவர் போன பிறகு ஹார்ட் டிஸ்க்கில் தேடினேன். நாற்பதாயிரத்துக்கு மேல் பறவைப் படங்கள். அவர் தனியாக இருப்பவை பதினொன்று, பதினொன்றும் வெளிச்சச் சோதனை. ஒன்றில் மட்டும் முகம் தெளிவாக இருந்தது, கண் கேமராவைப் பார்க்கவில்லை, சேற்றுப் பக்கம் பார்க்கிறது, கையில் ஃபிளாஸ்க் மூடி. அதைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் இயல்பாக வந்திருக்கிறது என்று சொல்வார்கள். ஒரு முறை, ஒரே ஒரு முறை, பத்து நிமிடம் ஒதுக்கி அவரை வாசலில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்து எடுத்திருக்கலாம். உள்ளான் அடுத்த வருடமும் வந்தது.

அதனால்தான் தம்பியிடம் போர்ட்ரெய்ட்டில் தொடங்கச் சொன்னேன். இடம் மூடுவதற்காவது அறிவிப்பு வரும், முகத்துக்கு அதுவும் வராது.

அவர் உடனே கேட்டார், ஒன்றில் இறங்கினால் மற்ற இரண்டும் கைவிட்டுப் போய்விடாதா என்று. போகாது. பிரேசில்காரர் செபஸ்தியாவோ சல்காடோ பொருளாதாரம் படித்துவிட்டுப் படம் எடுக்க வந்தவர். தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள், ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் என்று பல பத்தாண்டுகள் ஆவணப் படங்களில் இருந்துவிட்டு அறுபதை நெருங்கும்போதுதான் இயற்கைப் பக்கம் வந்தார். 2014இல் இங்கே தேசிய அரும்பொருளகத்தில் அந்தப் படங்களைப் பார்த்தேன். ஒரு பெரிய பல்லியின் முன்னங்கால் மட்டும் உள்ள படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றேன். போர்வீரனின் இரும்புக் கையுறையைப் பார்ப்பதுபோல இருந்தது. மனிதர்களை வருடக்கணக்கில் பார்த்த கண் விலங்கையும் அப்படியே பார்க்கும் என்று அன்று புரிந்தது. எதிர்த் திசையில் இது அவ்வளவு சுலபமில்லை. பதினைந்து வருடம் மறைவிடத்தில் ஒளிந்து எடுத்துப் பழகிய எனக்கு ஒருவர் எதிரில் உட்கார்ந்து அவர் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே எடுக்க இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எல்லாருக்கும் இதே பதில் என்று நினைக்க வேண்டாம். உங்கள் புளோக்கை இடித்துக் கட்டப்போவதாகக் கடிதம் வந்திருந்தால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு உங்கள் மாடியை எடுங்கள். பக்கத்து வீட்டு மாமியின் துளசித் தொட்டி, லிஃப்ட் நிற்காத மாடிகளின் படிக்கட்டு, கீழே உள்ள மளிகைக் கடை, எல்லாவற்றையும் ஃபோனிலாவது எடுத்துவையுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வார நாளில் நேரம் இருக்கிறவர், அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து யாரோடும் பேசாமல் இருந்தால்தான் மனம் ஆறுகிறது என்கிறவர், தாராளமாகப் பெரிய லென்ஸை வாங்கட்டும். அவர்களுக்கும் ஒன்று சொல்வேன், முதலில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துத் தூக்கிப் பாருங்கள். இரண்டு கிலோவின் எடை கடையில் தெரியாது, மூன்றாவது கிலோமீட்டரில்தான் தெரியும்.

தம்பி பழைய 50 லென்ஸ் ஒன்றும் சின்ன டிரை கேபினட் ஒன்றும் வாங்கினார். மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் அப்படியே இருக்கிறது. போன ஞாயிறு அவருடைய பாட்டியை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது, அரைப் படி இறக்கச் சொன்னேன். மறுநாள் மறுபடி எடுத்து அனுப்பினார். பாட்டியின் கை இரும்புக் கதவின் கம்பியைப் பிடித்திருக்கிறது, மூக்குத்தியில் காரிடார் வெளிச்சம் ஒரு புள்ளியாக நிற்கிறது. பாட்டி அதைப் பார்த்துவிட்டு இன்னொரு சேலை கட்டிக்கொண்டு வருகிறேன், இன்னும் ஒன்று எடு என்றாராம்.

செப்டம்பரில் என்னுடைய 150-600-ஐ அவருக்கு இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.